தொட்டது ஒன்று, நகர்வது ஒன்பது: ஆட்டோகேடில் குரூப், பிளாக் தகராறுகள்

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில், டிராயிங்கில் ஏதாவது ஒன்று சேர்ந்துகொண்டு பிரிய மறுத்தால், பெரும்பாலோர் கை தானாகவே எக்ஸ் என்று தட்டி என்டரை அழுத்திவிடும். எக்ஸ்ப்ளோட். உடைத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு நினைப்பு. சில சமயம் தீரவும் செய்யும். ஆனால் கதவு, ஜன்னல் எல்லாம் வெறும் கோடுகளாகச் சிதறிவிட்டன, இனி எண்ணிக்கை எடுக்க முடியாது என்பது அளவுப் பட்டியல் போட உட்காரும்போதுதான் தெரியவரும். அதற்குள் ஃபைலைப் பலமுறை சேவ் செய்து மூடியிருப்போம், அன்டூவும் கை கொடுக்காது.

அடுத்தவர் வரைந்த டிராயிங்கைத் திருத்துவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அதில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்தச் சேர்ப்பு விவகாரம்தான். நான் பிடித்துக்கொண்ட வழக்கம் ஒன்று: ‘எப்படிப் பிரிப்பது’ என்று யோசிப்பதற்கு முன்னால் ‘இது எதனால் சேர்ந்திருக்கிறது’ என்று பார்த்துவிடுவது. ஆட்டோகேடில் பொருள்கள் ஒன்றாக நகர்வதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றின் வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் இருப்பதும் கெடும்.

(கமாண்ட் பெயர்களை உச்சரிப்பில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடிக்க வேண்டும்.)

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பொருளை ஒரு முறை கிளிக் செய்துவிட்டு கண்ட்ரோல் + 1 அழுத்தினால் பிராப்பர்ட்டீஸ் பலகை திறக்கும். அதன் தலைப்பில் ‘பிளாக் ரெஃபரன்ஸ்’ என்று இருந்தால் அது பிளாக். ‘அர்ரே’ என்று இருந்தால் அசோசியேட்டிவ் அர்ரே, அதாவது ஒரே பொருளை வரிசையாக அடுக்கி ஒன்றாகப் பிணைத்தது. ‘ஆல்’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு எண் வந்து, கீழே விரித்தால் கோடு இத்தனை, வட்டம் இத்தனை என்று பிரித்துக் காட்டினால் அநேகமாக அது குரூப். ‘பிராக்ஸி’ என்ற சொல் கண்ணில் பட்டால் கதையே வேறு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குரூப் என்பது ஒரு பட்டியல், அவ்வளவுதான். இந்தக் கோடு, அந்த வட்டம், அதோ அந்த எழுத்து, இவை மூன்றும் ஒரு குழு என்று டிராயிங் தனியாக ஓர் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்கிறது. கோடு கோடாகவே இருக்கும், அதன் லேயர் (அது வரையப்பட்ட அடுக்கு) அதனுடையதே. பிளாக் அப்படி இல்லை. ரப்பர் முத்திரை மாதிரி: அச்சு ஓரிடத்தில் இருக்கிறது, டிராயிங்கில் நாம் பார்ப்பதெல்லாம் அதன் பதிவுகள். அச்சைத் திருத்தினால் எல்லாப் பதிவும் மாறும். குரூப்பில் அச்சு என்று ஒன்றே கிடையாது. ஒரு குரூப்பைக் காப்பி எடுத்து ஒன்றைத் திருத்திவிட்டு, மற்றது ஏன் மாறவில்லை என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாறாது. மாற வேண்டும் என்றால் பிளாக் போட்டிருக்க வேண்டும்.

இனி குரூப்பில் வரும் தகராறுகள்.

அதிகம் கேட்கப்படுவது இது: ‘நேற்று வரை ஒன்றாக செலக்ட் ஆனது, இன்று தனித்தனியாக ஆகிறது.’ குரூப் எங்கும் போய்விடவில்லை. குரூப்பாகத் தேர்ந்தெடுக்கும் வசதிக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, அது அணைந்திருக்கிறது. கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ அழுத்தினால் அது மாறும். கண்ட்ரோல் + எச்சும் இதே வேலையைச் செய்யும். எல்லாவற்றையும் செலக்ட் செய்யும் கண்ட்ரோல் + ஏவுக்கும் இதற்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ஷிஃப்ட் விசை. ‘வேறு பெயரில் சேமி’ என்பதற்கான கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்ஸோ பக்கத்து விசை. அவசரத்தில் விரல் கொஞ்சம் நழுவினால் போதும். கமாண்ட் லைனில் ‘குரூப் ஆஃப்’ என்று ஒரு சின்ன வரி வந்து போகும், யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இந்தச் சுவிட்சுக்குப் பின்னால் இருப்பது பிக்ஸ்டைல் என்ற சிஸ்டம் வேரியபிள், அதாவது ஆட்டோகேட் எண்ணாக வைத்திருக்கும் ஓர் அமைப்பு. 0 என்றால் குரூப் தேர்வு கிடையாது. 1 என்றால் உண்டு, இதுதான் வழக்கமாக இருப்பது. 2 என்றால் குரூப் கிடையாது, ஆனால் ஹேட்ச்சை (ஒரு பரப்பை நிரப்பும் கோலத்தை) தொட்டால் அதன் எல்லைக் கோடும் சேர்ந்து செலக்ட் ஆகும். 3 என்றால் இரண்டும். இந்த 2, 3 விவகாரம் தெரியாததால் வரும் குழப்பம் தனி ரகம். ‘நான் எதையும் குரூப் பண்ணவில்லை, ஆனால் தரையின் ஹேட்ச்சை அழித்தால் சுவரும் சேர்ந்து அழிகிறது’ என்று ஒருவர் வந்து நின்றார். அவர் டிராயிங்கில் ஒரு குரூப்கூட இல்லை. பிக்ஸ்டைல் 3 இல் இருந்தது. சுவர்க் கோட்டையே எல்லையாக வைத்து அதோடு பிணைந்த அசோசியேட்டிவ் ஹேட்ச் போட்டிருந்ததால், ஹேட்ச்சைத் தொட்டதும் சுவரும் கூடவே வந்தது. 1 என்று மாற்றியதும் அடங்கிவிட்டது.

சுவிட்ச் ஆனில் இருந்தும் ஒரு குறிப்பிட்ட குரூப் மட்டும் சேர்ந்து வரவில்லை என்றால், அந்தக் குரூப்பின் ‘செலக்டபிள்’ என்ற குறி ‘நோ’ ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளாசிக்குரூப் என்று அடித்தால் பழைய டயலாக் பெட்டி திறக்கும், அதில் தெரியும். 2012 பதிப்பிலிருந்து குரூப் கமாண்ட் ரிப்பன் பாணிக்கு மாறிவிட்டதால் புதிதாக வந்தவர்கள் பலர் இந்தப் பெட்டியைப் பார்த்ததே இல்லை. எனக்கு இன்றும் துப்புத் துலக்க இதுதான் வேண்டும்.

ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்ததைத் தொட்டால் முதலாவது விட்டுப்போகிறது என்பதையும் குரூப் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். அது பிக்ஆட் என்ற வேரியபிள் 0 ஆகிப்போனதால் வருவது. 2 என்று வைத்தால் சரியாகிவிடும்.

இதைவிடச் சிக்கலானது எதிர்ப்பக்கம்: தேவைக்கு மேல் சேர்ந்து வருவது. வெளியிலிருந்து திருத்தத்துக்கு வந்த ஒரு தளப்படத்தில் மாடிப்படியை ஓர் அடி தள்ள வேண்டியிருந்தது. கைப்பிடிக் கோட்டைத் தொட்டேன். படிகள் செலக்ட் ஆயின, சரி. கூடவே எதிர்ப்பக்கக் கழிப்பறையின் வாஷ்பேசினும், தலைப்புப் பட்டையில் ஒரு கோடும் செலக்ட் ஆயின. இவற்றுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது குரூப்பைச் சுற்றி வரும் கட்டம். குரூப்டிஸ்ப்ளேமோட் என்ற வேரியபிள் 2 இல் இருந்தால், குரூப்பைத் தேர்ந்தெடுத்ததும் அதன் எல்லா உறுப்பினர்களையும் உள்ளடக்கி ஒரு பெட்டிக்கோடு வரும், நடுவில் ஒரே ஒரு கிரிப் (பிடித்து இழுக்கும் நீலப் புள்ளி). மாடிப்படி இருப்பது ஒரு மூலையில். பெட்டியோ பக்கம் முழுக்க நீண்டு தலைப்புப் பட்டை வரை போயிருந்தது. பெட்டி தேவையில்லாமல் பெரிதாக இருந்தால் எங்கோ ஒரு வேண்டாத உறுப்பினர் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அது எங்கே என்று காட்ட அதே வேரியபிளை 0 ஆக்கினால் போதும், ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் கிரிப் தெரியும், நீலப் புள்ளி எங்கெல்லாம் இருக்கிறது என்று கண்ணாலேயே தேடிவிடலாம்.

அடுத்து கிளாசிக்குரூப் பெட்டியில் ‘ஃபைண்ட் நேம்’ பொத்தானை அழுத்தி, அந்தக் கைப்பிடிக் கோட்டைக் காட்டினேன். அது எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறது என்று பட்டியல் வந்தது. ஒன்று அல்ல, பல. ஆட்டோகேடில் ஒரே பொருள் எத்தனை குரூப்பில் வேண்டுமானாலும் இருக்கலாம். அப்படி இருக்கும் பொருளைத் தொட்டால், அது உறுப்பினராக உள்ள எல்லாக் குரூப்பும் சேர்ந்து செலக்ட் ஆகும். கைப்பிடிக் கோடு படிக்குரூப்பிலும் இருந்தது, வாஷ்பேசினோடு ஒரு குரூப்பிலும் இருந்தது, தலைப்புப் பட்டைக் கோட்டோடு இன்னொன்றிலும் இருந்தது.

இது எப்படி உண்டாகிறது என்று யோசித்தால் முதலில் சொன்ன சுவிட்சில்தான் போய் முடிகிறது. சுவிட்ச் அணைந்திருக்கிறது. ஒருவர் குரூப் போடுகிறார், தொட்டுப் பார்க்கிறார், சேர்ந்து வரவில்லை. ‘ஆகவில்லை போலிருக்கிறது’ என்று மறுபடி விண்டோ இழுத்து குரூப் போடுகிறார். இந்த முறை இழுத்த விண்டோவில் பக்கத்துப் பொருளும் மாட்டிக்கொள்கிறது. இன்னொரு முறை. டிராயிங் எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டே போகிறது. பிறகு ஒரு நாள் யாரோ சுவிட்சைப் போடுகிறார்கள், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த அத்தனை குரூப்பும் ஒரேயடியாக விழித்துக்கொள்கின்றன. குரூப் போட்டும் சேர்ந்து வரவில்லை என்றால் திரும்பப் போடாதீர்கள், சுவிட்சைப் பாருங்கள் என்று நான் புதிதாக வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது இதனால்தான்.

சரி, இதைக் கலைப்பது எப்படி? அந்தப் பெட்டியிலேயே ஒவ்வொரு குரூப்பையும் ‘ஹைலைட்’ செய்து பார்த்து, வேண்டாததை ‘எக்ஸ்ப்ளோட்’ கொடுக்கலாம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இங்கே எக்ஸ்ப்ளோட் என்றால் பட்டியலை மட்டும் நீக்குவது, பொருள் எதுவும் உடையாது. அன்குரூப் கமாண்டும் இதையே செய்யும். பொருள் பல குரூப்பில் இருந்தால் எதைக் கலைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்கும், படிக்காமல் என்டர் தட்டினால் நல்ல குரூப் போய்விடும். குரூப் வேண்டும், அதில் ஒரு பொருள் மட்டும் வேண்டாம் என்றால் குரூப்எடிட் கொடுத்து ‘ரிமூவ்’. தலைப்புப் பட்டைக் கோட்டை அப்படித்தான் விடுவித்தேன்.

பெட்டியில் பட்டியல் காலியாகத் தெரிந்தால் குரூப் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ‘இன்க்ளூட் அன்நேம்டு’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்ய வேண்டும். பெயர் வைத்த குரூப்பைக் காப்பி எடுத்தால், காப்பிக்கு அந்தப் பெயர் வராது. நட்சத்திரக் குறி போட்டு, ஏ என்ற எழுத்தும் ஒரு எண்ணும் சேர்த்து ஆட்டோகேடே ஒரு பெயரைக் கொடுத்துவிடும். ஒரு தளத்தை வரைந்து பத்துத் தளத்துக்குக் காப்பி எடுக்கும் வேலையில் இப்படிப் பெயரற்ற குரூப்புகள் மலையாகக் குவியும். ஃபைல் மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம். நூற்றுக்கணக்கான பொருள்களை ஒரே குரூப்பில் அடைப்பதும் வேகத்தைக் குறைக்கும். உறுப்பினர் யாரும் இல்லாமல் வெறும் பெயராக நிற்கும் குரூப்புகளை பர்ஜ் கமாண்டில் நீக்கிவிடலாம். உறுப்பினரோடு இருக்கும் பெயரற்ற குரூப்புகளை ஒட்டுமொத்தமாகக் கலைக்க லிஸ்ப் (ஆட்டோகேடுக்குள் ஓடும் நிரல்மொழி) நிரல் வேண்டும், அல்லது பொறுமை வேண்டும்.

நகர்த்தும்போது ஒன்று மட்டும் பின்தங்குவது இன்னொரு தொல்லை. குரூப்பை நகர்த்தினீர்கள், எல்லாம் போனது, ஒரு கோடு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. கமாண்ட் லைனை மேலே உருட்டிப் பாருங்கள், இத்தனை பொருள் லாக் செய்த லேயரில் இருந்தது என்று சொல்லியிருக்கும். குரூப் லேயருக்கு மேலானது அல்ல. உறுப்பினரின் லேயர் பூட்டியிருந்தால் அவர் வரமாட்டார். அதனால் பெரிதாக எதையும் நகர்த்துவதற்கு முன் எல்லா லேயரையும் திறந்து, ஆன் செய்து, உறைந்திருப்பதையும் விடுவித்துவிட்டுத்தான் தொடங்குவேன். கண்ணுக்குத் தெரியாத உறுப்பினர் வந்தாரா வரவில்லையா என்று எப்படிச் சரிபார்ப்பது?

லேயரில் ஒன்றும் இல்லாமல், பொருள் மட்டும் காணாமல் போயிருந்தால் ஹைட்ஆப்ஜெக்ட்ஸ் கொடுத்து யாராவது மறைத்திருக்கலாம். அன்ஐசொலேட்ஆப்ஜெக்ட்ஸ் கொடுத்தால் திரும்ப வந்துவிடும்.

குரூப்பில் எனக்குப் பிடித்த ஒரு வசதியையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கமாண்டிலும் ‘செலக்ட் ஆப்ஜெக்ட்ஸ்’ என்று கேட்கும்போது ஜி என்று அடித்து, குரூப்பின் பெயரைக் கொடுத்தால் அது முழுதும் செலக்ட் ஆகிவிடும். நெருக்கடியான டிராயிங்கில் மவுஸால் குறிபார்த்துத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இதற்கு குரூப்புக்குப் பெயர் வைத்திருக்க வேண்டும், அதைத்தான் யாரும் செய்வதில்லை.

பிளாக்குக்கு வருவோம். இங்கே பிரச்சினையின் நிறம் வேறு.

‘எக்ஸ்ப்ளோட் ஆக மாட்டேன் என்கிறது’ என்பது முதல் புகார். உண்மையில் உடைக்கத்தான் வேண்டுமா என்று நானும் முதலில் கேட்பேன். உள்ளே இருக்கும் ஒரு கோடுதான் வேண்டும் என்றால் என்காப்பி என்ற கமாண்ட் இருக்கிறது. பிளாக்குக்குள்ளோ எக்ஸ்ரெஃபுக்குள்ளோ (வெளியிலிருந்து இணைத்த டிராயிங்) இருக்கும் பொருளை, எதையும் உடைக்காமல் காப்பி எடுத்துக் கொடுத்துவிடும். உள்ளே திருத்த வேண்டும் என்றால் பிஎடிட். இரண்டும் போதாது, உடைத்தே ஆக வேண்டும் என்றால் எது தடுக்கிறது என்று பார்க்கலாம்.

பிளாக்கை உருவாக்கியவர் ‘அலவ் எக்ஸ்ப்ளோடிங்’ என்பதில் டிக் எடுத்திருக்கலாம். பிஎடிட்டில் உள்ளே போய், எதையும் செலக்ட் செய்யாமல் பிராப்பர்ட்டீஸ் பலகையைப் பார்த்தால் அந்த வரி தெரியும், ‘யெஸ்’ ஆக்கிச் சேமித்தால் தடை நீங்கும். எக்ஸ் திசையில் ஒரு அளவும் ஒய் திசையில் வேறு அளவுமாக இழுக்கப்பட்ட பிளாக் என்றால், எக்ஸ்பிள்மோட் என்ற வேரியபிள் 0 ஆக இருக்கும்போது உடையாது. 1 ஆக்க வேண்டும். மூன்றாவது, மின்சர்ட் கமாண்டில் வரிசை வரிசையாக நுழைக்கப்பட்டது. அது எந்த வழியிலும் எக்ஸ்ப்ளோட் ஆகாது. டிராயிங்கை யாரும் தொடக் கூடாது என்று வேண்டுமென்றே இப்படிப் போட்டு அனுப்புபவர்களும் உண்டு. பிராப்பர்ட்டீஸில் வரிசை, நெடுவரிசை எண்ணிக்கை தெரிந்தால் இதுதான் என்று புரிந்துகொள்ளலாம். அதோடு மல்லுக்கட்டாமல், இன்சர்ட் பட்டியலில் அதே பிளாக்கின் பெயரைத் தேடி, அதே புள்ளியில் சாதாரணமாக ஒன்றை நுழைத்துவிட்டுப் பழையதை அழிப்பதுதான் சுலபம்.

உடைந்த பிறகு வரும் கூத்துகளும் உண்டு. அறைப் பெயர், கதவு எண் என்று அட்ரிபியூட் (நிரப்பும் விவரக் கட்டம்) வைத்த பிளாக்கை எக்ஸ்ப்ளோட் செய்தால், நிரப்பி வைத்த விவரம் எல்லாம் போய், அட்ரிபியூட்டின் டேக் (அந்தக் கட்டத்தின் பெயர்) மட்டும் நிற்கும். ‘படுக்கையறை’ என்று இருந்த இடத்தில், வீடு முழுக்க ஒரே டேக் பெயர். எக்ஸ்பிரஸ் டூல்ஸ் என்ற கூடுதல் கருவித் தொகுப்பில் உள்ள பர்ஸ்ட் கமாண்ட் இதற்கென்றே இருக்கிறது. நிரப்பிய விவரத்தைச் சாதாரண எழுத்தாக மாற்றிவிட்டு உடைக்கும். எக்ஸ்பிரஸ் டூல்ஸ் இன்ஸ்டால் செய்யாத கணினியில் அது கிடைக்காது.

நிறம் மாறுவதும் அப்படித்தான். பிளாக்குக்குள் 0 லேயரில் வரைந்த பொருள், பிளாக் எந்த லேயரில் நுழைக்கப்பட்டதோ அதன் நிறத்தை எடுத்துக்கொள்ளும். உடைத்ததும் அது தன் 0 லேயருக்கே திரும்பிவிடும். சிவப்பாக இருந்த நாற்காலி வெள்ளையாகிவிட்டது என்றால் எதுவும் கெடவில்லை, இரவல் நிறம் திரும்பப் போய்விட்டது. அதே காரணத்தால், ஒரு பிளாக்கின் பாதி மட்டும் மறைவதும் நடக்கும். பிளாக் நுழைக்கப்பட்ட லேயரை ஆஃப் செய்தால் உள்ளே 0 லேயரில் உள்ளவை மட்டும் மறையும், வேறு லேயரில் உள்ளவை தெரிந்துகொண்டிருக்கும். ஃப்ரீஸ் செய்தால் மொத்த பிளாக்கும் மறையும். ஆஃப், ஃப்ரீஸ் இரண்டும் ஒன்றுதானே என்று இருப்பவர்களுக்கு இந்த ஒரு இடத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியவரும்.

பிளாக்கில் எனக்கு மிகவும் பயமான விஷயம் ஒன்று உண்டு, பெயர் மோதல். இது சத்தம் போடாமல் வருவது. வேறொரு ஃபைலிலிருந்து ஒரு கதவைக் காப்பி எடுத்து உங்கள் டிராயிங்கில் பேஸ்ட் செய்கிறீர்கள். இரண்டிலும் பிளாக்கின் பெயர் ஒன்றே. உங்கள் டிராயிங்கில் ஏற்கெனவே உள்ள அச்சே வெல்லும், வந்தது உங்கள் கதவின் உருவத்தை எடுத்துக்கொள்ளும். 900 மில்லிமீட்டர் கதவு இருந்த இடத்தில் 750 மில்லிமீட்டர் கதவு உட்கார்ந்திருக்கும். ‘டூப்ளிகேட் டெஃபினிஷன் இக்னோர்டு’ என்ற பொருளில் கமாண்ட் லைனில் ஒரு வரி வரும், அவ்வளவுதான் எச்சரிக்கை. நான் பார்த்த ஒரு தொகுப்பில் இப்படி ஒரு தளம் முழுக்கக் கதவுகள் மாறியிருந்தன. படத்தைப் பார்த்தால் எதுவும் உறுத்தவில்லை, கதவு கதவாகத்தான் இருந்தது. சுவரில் விட்ட இடைவெளிக்கும் கதவுக்கும் நடுவே கையகலச் சந்து தெரிந்ததை அச்சடித்த தாளில் ஒருவர் கவனித்ததால் தப்பித்தோம். அதற்குப் பிறகு ‘டோர்’, ‘சேர்’ என்ற மொட்டைப் பெயர்களை நான் ஒத்துக்கொள்வதில்லை. அளவும் வகையும் பெயரிலேயே இருக்க வேண்டும். வெளி ஃபைலிலிருந்து எடுக்கும்போது, அங்கேயே ரீநேம் கொடுத்துப் பெயரை மாற்றிவிட்டுக் காப்பி எடுப்பது இன்னும் நல்லது.

அளவு தாறுமாறாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இன்ஸ்யூனிட்ஸ், டிராயிங்கின் அளவலகைச் சொல்லும் வேரியபிள். மில்லிமீட்டருக்கு 4, மீட்டருக்கு 6, அங்குலத்துக்கு 1. இரண்டுமே ஒரே அலகில் வரைந்திருந்தும் ஒரு ஃபைலில் 6, இன்னொன்றில் 4 என்று குறித்திருந்தால் நுழைத்த பொருள் ஆயிரம் மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வரும். 25.4 மடங்கு தப்பு என்றால் அங்குலம் புகுந்திருக்கிறது. எத்தனை மடங்கு தப்பு என்று அளந்து பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். பிளாக் வரவே இல்லை என்று தோன்றினால், டிராயிங் முழுவதையும் திரையில் காட்டும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்துப் பாருங்கள். பேஸ் பாயின்ட் (பிளாக்கை நுழைக்கும்போது பிடிக்கும் புள்ளி) கொடுக்காமல் 0,0 இலேயே விட்டு உருவாக்கிய பிளாக் எங்கோ தொலைதூரத்தில் போய் விழுந்திருக்கும். பிஎடிட்டில் உள்ளே போய் உருவத்தை மூலப்புள்ளிக்கு நகர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் ஏற்கெனவே நுழைத்த அத்தனை பதிவும் அதே அளவுக்கு இடம் மாறும் என்பதை மறக்கக் கூடாது.

பிராக்ஸியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கட்டடக்கலைக்கோ குழாய் வேலைக்கோ என்று தனியாக உள்ள மென்பொருளில் உருவாக்கிய சுவர், குழாய் போன்றவை வெறும் ஆட்டோகேடில் திறக்கும்போது பிராக்ஸியாகத் தெரியலாம். பார்க்க குரூப் மாதிரி இருக்கும், உள்ளே திருத்த விடாது. நம் பக்கம் போராடிப் பயனில்லை. அனுப்பியவரிடம், அவர் மென்பொருளிலேயே எக்ஸ்போர்ட்டுஆட்டோகேட் கொடுத்துச் சாதாரண டிராயிங்காக மாற்றி அனுப்பச் சொல்வதுதான் நேர்வழி. அதில் சுவர் கோடுகளாகிவிடும், அது சுவர் என்ற தகவல் போய்விடும், ஆனால் வேலை நடக்கும்.

முப்பரிமாண மென்பொருளுக்குப் போனால் பெயர்கள் ஒன்றாகவும் குணம் வேறாகவும் இருக்கும். ஸ்கெட்ச்அப்பில் குரூப் போடுவது வசதிக்காக மட்டும் அல்ல, தற்காப்புக்காகவும். அங்கே குரூப்புக்குள் வைக்காத பரப்புகள் தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மேசையை இழுத்தால் தரையும் இழுபடும். அச்சு-பதிவு குணம் அங்கே காம்பொனென்ட்டுக்கு உண்டு. ஒன்றைத் திருத்தினால் எல்லாம் மாறும், ஒன்று மட்டும் தனியாக மாற வேண்டும் என்றால் முதலில் ‘மேக் யுனீக்’. ஆனால் வெளியே நின்று ஸ்கேல் செய்தால் அந்த ஒன்று மட்டும்தான் மாறும், உள்ளே போய் ஸ்கேல் செய்தால்தான் எல்லாம் மாறும். செலக்ட் செய்தால் சிவப்புப் பெட்டி வந்து நகர மறுத்தால் அது லாக் செய்யப்பட்டது, ரைட் கிளிக்கில் அன்லாக். 2020 பதிப்பில் லேயர் என்ற பெயரை டேக் என்று மாற்றினார்கள். டேக்கைக் குரூப்புக்கு மட்டும் கொடுத்து, உள்ளே உள்ள கோடு பரப்புகளை ‘அன்டேக்டு’ ஆகவே விட வேண்டும். இல்லாவிட்டால் குரூப் இருக்கும், உள்ளே சில பரப்பு மட்டும் காணாமல் போகும், தேடி அலைய வேண்டியதுதான்.

ஃப்ரீகேடில் இன்னொரு விதம். அங்கே ‘குரூப்’ என்பது மரப்பட்டியலில் ஒழுங்காக அடுக்க உதவும் வெறும் கோப்புறை. அதற்கென்று இட நிலை கிடையாது, அதனால் அதைப் பிடித்து உள்ளே உள்ளவற்றை நகர்த்த முடியாது. ஒன்றாக நகர வேண்டும் என்றால் ‘பார்ட்’ என்ற கொள்கலனுக்குள் வைக்க வேண்டும், அதற்குத்தான் பிளேஸ்மென்ட் உண்டு. ஆட்டோகேடில் பழகியவர்கள் குரூப்பை உருவாக்கிவிட்டு அதில் பிளேஸ்மென்டைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது வெளியிலிருந்து ஃபைல் வந்தால் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, ஃபைலில் பிழை தேடும் ஆடிட் கமாண்டை ஓட்டி, கிளாசிக்குரூப்பில் பெயரற்றவை எத்தனை கிடக்கின்றன என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்ஸ்யூனிட்ஸையும் பிக்ஸ்டைலையும் கேட்டுக்கொண்டுதான் முதல் கோட்டைத் தொடுகிறேன். அனுப்புகிறவர் குரூப் வைத்த டிராயிங்கை பிளாக்காக நுழைத்தோ எக்ஸ்ரெஃபாக இணைத்தோ அனுப்பியிருந்தால், உள்ளே இருக்கும் குரூப்புகள் நம் பக்கம் செலக்ட் ஆகாது. பிளாக்கை உடைத்தாலோ, எக்ஸ்ரெஃபை பைண்ட் செய்து (நம் ஃபைலுக்குள்ளேயே சேர்த்து) உடைத்தாலோ அவை திரும்ப வரும், பெயர் மட்டும் இருக்காது. அதனால் அப்படிப்பட்ட வேலையில் மூல ஃபைலையே கேட்டு வாங்கிவிடுகிறேன்.